மதுவை விட்டவர்க்கு அடியார் கூட்டமே துணை

எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருளை முன்னிட்டு, எமது ஆலய மகோற்சவ மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டனர். கந்தபுராணத்தின் பெருமை பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்தனர். பல்லாண்டு காலம் இவ்வாலயத்திலே புராணத்துக்குப் பயன் சொல்லி வந்தவன் என்ற வகையில் அது நியாயமான எதிர்பார்ப்பே. எனினும் இம்முறை மதுவைப் பற்றியும், அதனை விட்டவர் விட்ட நிலையிலேயே நிலைத்து நிற்பது எப்படி என்பது பற்றியும் எழுத அனுமதி கேட்டேன். "கோயில் மலரிலே இது வேணுமோ, மாஸ்ரர்?" என்று ஒருவர் தயங்கினார். "கோயில் மலரிலை எழுதாமல் வேறை எங்கை எழுதுறது தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அடியார்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகின்றேன்.

பத்து நாளும் பதினோராம் நாளும்

எமது ஊரிலே ஆண்டுதோறும் ஓர் அதிசயம் நிகழ்கின்றது. கொடியேறியதும் வீடுகளிலே மச்சம் காய்ச்சுவது நின்றுவிடும். நாள்தோறும் பின்னேரம் தவறணைப் பக்கம் போகின்றவர்கூட அப்பக்கம் திரும்பிப் பாரார். தோய்ந்து, வேட்டி உடுத்து, திருநீறு பூசி, சுவாமி காவுவதற்கு முன்வரிசையில் வந்து நிற்பார். தேரன்று வடம் பிடிப்பார். தண்ணீர்ப் பந்தலிலே சர்க்கரைத் தண்ணீர் கரைப்பார். தீர்த்தம் முடியும், பூங்காவனம் முடியும், வைரவர் மடையும் முடியும். அடுத்த நாள் பொழுதுபட அவர் பழைய இடத்திலே பழைய கூட்டத்தோடு நிற்பார்.

இதைக் கண்டு "பத்து நாள் பக்தன்" என்று சிரிப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சிரித்தவனே. இப்பொழுது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பத்து நாள் ஒருவரால் விட முடிந்தது என்பது சிறிய காரியமா? அந்தப் பத்து நாளும் அவரைத் தாங்கியது எது என்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். விடிய எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்தது. கைக்கு ஒரு தொண்டு இருந்தது. "வந்திட்டியோ தம்பி, இந்தப் பக்கம் பிடி" என்று கூப்பிட நாலு பேர் இருந்தார்கள். பொழுதுபடும் நேரம், அதாவது குடிப்பவரைக் குடி அழைக்கும் நேரம், மேளமும் மணியும் கேட்டன. மனம் எம்பெருமானிடத்தே சென்றது. பதினோராம் நாள் அவருடைய மனவுறுதி ஒரேயடியாகக் கரைந்து போய்விட்டதா? கூட்டம் கலைந்தது, அவர் தனித்துப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. மதுவை விடுவது ஒரு நாட் காரியம். விட்ட நிலையில் நிற்பது வாழ்நாட் காரியம். அந்த வாழ்நாட் காரியத்தை எவரும் தனித்து நின்று செய்ய இயலாது. அதற்கு அடியார் கூட்டம் வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

மது தீது என்பதைச் சைவ மக்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளுவ நாயனார் கள்ளுண்ணாமை என்று 93 ஆம் அதிகாரத்தையே வகுத்து வைத்தார். நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1847 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். அன்று தொடங்கி வெள்ளிதோறும் நிகழ்ந்த பிரசங்கங்களே இந்நாட்டில் சைவ மறுமலர்ச்சிக்கு வித்தாயின. பின்னர் அவர் பிள்ளைகளுக்காக எழுதிய நான்காம் பாலபாடத்திலே கொலை, புலாலுண்ணல், களவு முதலியவற்றோடு கள்ளுண்ணலையும் ஒரு தனிப் பாடமாக வைத்தார். எமது தந்தையார் காலத்தவர் அதை வாய்ப்பாடமாக்கி வளர்ந்தவர்கள்.

இவை யாவும் மதுவைத் தொடாதவன் தொடாதிருப்பதற்கு அரண். ஏற்கெனவே தொட்டு, அதற்கு அடிமையாகி, விட விரும்பியும் விடமுடியாமல் நிற்பவனுக்கு வழி என்ன? "குடிக்காதே" என்று அவனுக்குச் சொல்வதனால் பயன் குறைவு. குடிப்பது தவறென்று ஊரிலே எல்லோரையும் விட நன்றாக அறிந்தவன் அவனே. வெறியில் இருப்பவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது, நீருக்கடியில் மூழ்கியவனை விளக்குப் பிடித்துத் தேடுவதற்கு ஒப்பானது என்று வள்ளுவரே அந்த அதிகாரத்தில் உவமை காட்டியுள்ளார்.

சமுதாயம் கடையை மூடிப் பார்த்ததும் உண்டு. பிரித்தானியர் ஆட்சியிலே, ஊரவர் வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடுவிப்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1927 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது, மதுவிலக்கை அவர் இங்கும் வலியுறுத்தினார். அந்த முயற்சிகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடை கண்ணிற் படாதிருப்பதும் ஒரு காவலே. ஆனால் கடையை மூடினாலும் வேட்கையை மூட முடியாது என்பதற்கு வேலிக்குப் பின்னால் வடித்த கசிப்புச் சாட்சி. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பேருக்கு ஆறாத மனக்காயத்தைத் தந்தன. வீட்டை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், காணாமற் போனவரைத் தேடித் தேடிக் களைத்தவர் என்று பலர் நித்திரை கொள்வதற்காகவே குடிக்கத் தொடங்கினர். 2009 ஆம் ஆண்டு போர் முடிந்தது; அந்தக் காயம் அந்த ஆண்டோடு முடியவில்லை. இத்தகையோருக்கு அறிவுரை மட்டும் போதுமா?

முட்டியும் சுண்ணாம்பும்

பனை எமது கற்பகதரு. அதன் பாளையிலிருந்து வடியும் சாறு ஒன்றே. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது கருப்பணியாக இறங்குகின்றது. பிள்ளைகளும் பருகலாம், காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு தடவாது விட்டால் அதே சாறு தானாகவே புளித்துக் கள்ளாகி விடுகின்றது. எவரும் அதனுள் நஞ்சு கலப்பதில்லை. பழைய முட்டியிலே, கழுவினாலும் போகாமல், கண்ணுக்குத் தெரியாத நொதி ஒட்டியிருக்கின்றது. அது காத்திருந்து புதிய சாற்றையும் புளிக்க வைக்கின்றது.

இங்கே இரண்டு விடயங்களை அடியார்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, பாளையிலே குற்றம் இல்லை. மரத்திலும் இல்லை, மரம் ஏறும் தொழிலாளியிலும் இல்லை. மற்றது, சுண்ணாம்பை ஒரு நாள் தடவிவிட்டு ஆண்டு முழுவதும் கருப்பணி எடுக்க முடியாது. முட்டி இறக்கும்தோறும் தடவ வேண்டும். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு நேற்றைய சாற்றுக்கே காவல்.

குடியை விட்டவர் மனமும் இத்தகையதே. ஐந்து வருடம் விட்டவராயினும் பழைய முட்டியின் வாசனை உள்ளே இருக்கின்றது. அதற்கு நாள்தோறும் தடவ வேண்டிய சுண்ணாம்புதான் வழிபாடும் அடியார் கூட்டமும்.

சித்தாந்தம் சொல்லும் வாசனை

சைவ சித்தாந்தம் இதனை மிக நுட்பமாக அறிந்து வைத்திருக்கின்றது. மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள் உள்ளன. பதியும் பசுவும் பாசமும் விளக்கி, ஞானம் அடையும் வழி கூறி, பாச நீக்கமும் சிவப்பேறும் கூறிய பின்னர், இறுதிச் சூத்திரத்திலே ஆசிரியர் என்ன சொல்கின்றார்? மலம் நீங்கியவன் அடியார் கூட்டத்தோடு கூடியிருக்க வேண்டும், அடியார் திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபட வேண்டும் என்கின்றார்.

இங்கே ஒரு கேள்வி எழும். மலம் நீங்கிய ஞானிக்கு இன்னும் கூட்டம் எதற்கு? கோயில் எதற்கு? அவர் இனித் தனியே இருக்கலாமே? உடம்பு உள்ளவரை பழைய வாசனை தாக்கக் கூடும் என்பதே சித்தாந்தத்தின் விடை. பெருங்காயம் எடுத்துவிட்ட பாண்டத்திலும் மணம் நிற்கின்றதல்லவா? பாசி படர்ந்த குளத்திலே கல்லை எறிந்தால் பாசி விலகித் தெளிந்த நீர் தெரியும். சிறிது நேரத்தில் பாசி மீண்டும் கூடிக்கொள்ளும். அவ்வாறு கூடாதிருக்கவே ஐந்தெழுத்து விடாது ஓதப்பட வேண்டும் என்று சாத்திரங்கள் விதிக்கின்றன.

ஞானிக்கே இந்தக் காவல் வேண்டுமாயின், நேற்றுக் குடியை விட்ட எளியவனுக்கு வேண்டாமா? "விட்டனெண்டால் விட்டதுதானே, பிறகென்ன கூட்டம்?" என்று கேட்பவர்களுக்கு மெய்கண்டார் தரும் விடை இதுவே. கூட்டம் வேண்டும் என்பது பலவீனத்தின் அடையாளமன்று. அதுவே எமது சமயம் வகுத்த ஒழுங்கு.

வள்ளுவரும் பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நிலத்தின் இயல்புக்கேற்ப நீர் மாறுவது போல மனிதன் அறிவு அவன் சேர்ந்த இனத்துக்கேற்ப மாறும் என்பது அவர் கருத்து. கிணற்று நீரை நம்பி வாழும் எமக்கு இதற்கு உரை தேவையில்லை. ஒரே மழைதான் பெய்கின்றது. ஒரு வளவிலே நல்ல தண்ணீர், சற்றுத் தள்ளி உவர்த் தண்ணீர்.

நான் வாய் திறவாத நாள்

இனி எழுதப் போவதை எழுதாமலே விடலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே சொன்னவை யாவும் வெறும் பிரசங்கமாகிவிடும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நல்ல மேசன். எமது ஆலயத்து வடக்கு வீதி மதிலிலே அவன் கைபட்ட கல் இன்றும் இருக்கின்றது. 1995 ஐப்பசி இடப்பெயர்விலே தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவனுடைய வீடு தரைமட்டமாகக் கிடந்தது. பிறருக்கு வீடு கட்டிய கை தன் வீட்டுக் கல்லைப் பொறுக்கியது. அதன்பின் குடிக்கத் தொடங்கினான். மனைவியின் தாலிக்கொடி அடைவு போனது. பிள்ளைகள் தகப்பனின் சைக்கிள் சத்தம் கேட்டதும் அயல் வீட்டுக்கு ஓடினார்கள். நான் பேசினேன், ஏசினேன், இரண்டு வருடம் கதையாமலும் இருந்தேன்.

ஒரு கந்தசஷ்டிக்கு அவனாகவே விரதம் இருந்தான். ஆறு நாளும் விட்டான், ஏழாம் நாளும் விட்டான். தொடர்ந்து ஏழு மாதம் விட்டான். புராணப் படிப்புக்கு வந்து பின்னால் தூணோடு சாய்ந்து இருப்பான். மகோற்சவம் வந்தது. மூன்றாம் திருவிழா அன்று மடப்பள்ளியிலிருந்து நிவேதனப் பாத்திரத்தைத் தூக்கிவர ஆள் போதாமல் அவன் போய்க் கை கொடுத்தான். தொண்டர் ஒருவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "குடிகாரன்ரை கை படாமல் பாருங்கோ." நான் பரிபாலன சபையில் இருந்தேன். பத்தடி தூரத்தில் நின்றேன். கேட்டேன். வாய் திறக்கவில்லை. சபையிலே ஒரு பிரச்சினை வேண்டாமென்று நினைத்தேன்.

அவன் பாத்திரத்தை மெதுவாக வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றிரவு குடித்தான். இரண்டு வருடத்தில் ஈரல் பழுதடைந்து இறந்தான்.

குடித்தது அவன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏழு மாதம் சுண்ணாம்பு தடவிய முட்டியை அன்று உடைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொண்டர் ஒரு வசனம் சொன்னார். நான் அந்த ஒரு வசனமும் சொல்லவில்லை. "அவன் என்ரை தம்பி, ஏழு மாதமாய் விட்டிட்டான், அவன் தூக்கட்டும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அடியார் கூட்டம் அடியார் கூட்டமென்று புராணத்துக்குப் பயன் சொன்ன வாய் அன்று மூடியிருந்தது.

திலகவதியார் செய்தது

பெரியபுராணத்தில் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை எல்லோரும் அறிவர். தம்பி மருணீக்கியார் புறச்சமயம் சார்ந்து பிரிந்து போனார். தமக்கையார் திலகவதியார் திருவதிகையிலே சிவத்தொண்டு செய்துகொண்டு தம்பிக்காக இறைவனை வேண்டியபடி இருந்தார். கொடிய சூலை நோய் வந்து, எந்த மருந்துக்கும் மந்திரத்துக்கும் தீராதபோது, தம்பி தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். தாம் அங்கே வருவதில்லை என்று தமக்கையார் சொல்லி அனுப்பிவிட்டார். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தம்பி இரவோடிரவாகத் தாமே வந்து அடியில் வீழ்ந்தபோது, அவர் ஒரு பழைய கதையும் பேசவில்லை. "இவ்வளவு காலம் எங்கே இருந்தாய்?" என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியலில் திருவலகும் திருமெழுக்கும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிச் சென்றார்.

குடியினால் வருந்தும் குடும்பங்களுக்கு இதிலே பெரிய பாடம் இருக்கின்றது. அவன் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டியதில்லை. குடிக்கக் காசு கொடுக்கவும், அவனுக்காகப் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் அவன் திரும்பி வரும் நாளில் படலை திறந்திருக்க வேண்டும். அதன் பின் நாயனார் என்ன செய்தார் என்பதும் முக்கியம். சூலை தீர்ந்ததும் அவர் வீட்டிலே சும்மா இருந்துவிடவில்லை. உழவாரம் ஏந்தித் தலந்தோறும் புல் செருக்கினார். அடியார்களோடு கூடினார், பாடினார். நோய் தீர்ந்தது ஒரு நாளில். உழவாரமோ முதுமை வரை கையில் இருந்தது.

கடல் கடந்தோர் கண்ட அனுபவம்

இந்த உண்மையை மேல்நாட்டவரும் தம் அனுபவத்திலே கண்டனர். 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே, வியாபார விடயமாக வந்து தோல்வியடைந்த வில்லியம் வில்சன் என்பவர் தங்கு விடுதியிலே தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுச்சாலையின் சத்தம் அவரை அழைத்தது. இந்நேரம் தன்னைக் காப்பாற்றக் கூடியவர் தன்னைப் போலவே குடியால் வருந்தும் இன்னொருவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. தேடி விசாரித்ததில் றொபேட் சிமித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். இருவரும் மணிக்கணக்காகப் பேசினர். அவ்வாண்டு ஆனி 10 ஆந் திகதி வைத்தியர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே "அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்" என்னும் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கின்றனர். இருவரும் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை.

அந்த அமைப்பினர் கட்டணம் வாங்குவதில்லை, ஊர்பேர் கேட்பதில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்வார், மற்றவர் கேட்பார். தம் வலிமையால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தத்தம் உள்ளம் அறிந்த இறைவனிடம் தம்மை ஒப்படைப்பர். செய்த தீங்குக்கு இயன்றவரை பரிகாரம் தேடுவர். பிறகு, இன்னொரு குடிகாரருக்குத் துணை செய்வர். எமக்கு இவை புதியவையா? சரணாகதி, தன் குற்றம் உணர்தல், அடியார்க்குத் தொண்டு என்று நாம் நாள்தோறும் பேசுபவையே இவை. நாம் பேசுகின்றோம், அவர்கள் அதைக் குடிநோய்க்கு மருந்தாக எடுத்துச் சாப்பிட்டார்கள்.

தமிழகத்திலும் நல்ல உதாரணம் உண்டு. மதுவினால் கணவரை இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980 ஆம் ஆண்டு சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் அந்நிலையத்தார் சோழநாட்டு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று முகாம் அமைத்தனர். நகரத்துக்கு வர இயலாத ஏழைகளுக்குத் தம் ஊரிலேயே வைத்தியமும் ஆலோசனையும் கிடைத்தன. ஊர்ப் பெரியோரும் குடும்பத்தினரும் துணை நின்றனர். முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து பார்த்து வந்தனர். ஊரிலே வந்த நோயை ஊரையே மருந்தாக்கித் தீர்க்கலாம் என்பதற்கு இது சான்று.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பல காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், முதற் சில நாட்களிலே கைநடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, இல்லாதவை தோன்றுதல், வலிப்பு என்பன ஏற்படலாம். உயிராபத்தும் உண்டு. ஆகவே நேர்த்தி வைத்து விரதம் தொடங்கும் முன் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கின்றது. அங்கே போவதை வெட்கமாக எண்ணுவது அறியாமை. சூலைக்கு மருந்து தேடியதனால் அப்பர் பெருமானுடைய பெருமை குறைந்ததா? மருந்தும் இறைவன் தந்ததே. மருந்து உடம்பைத் தேற்றும். அதன் பின்னர் வரும் நீண்ட காலத்துக்கே கோயிலும் கூட்டமும்.

எமது ஆலயம் செய்யத் தக்கவை

எமது ஊரிலே மதுவை விட்டுப் பதினான்கு வருடமான ஒருவர் இருக்கின்றார். பெயர் எழுத வேண்டாம் என்றார். எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். "மாஸ்ரர், பதினாலு வருசம் விட்டனெண்டு நான் சொல்லமாட்டன். இண்டைக்குக் குடிக்கேல்லை, அவ்வளவுதான்" என்றார். விடியற்காலையில் வந்து வெளிவீதி கூட்டுகின்றார். வெள்ளிக்கிழமை புராணப் படிப்புக்கு ஒருநாளும் தவறுவதில்லை. பொழுதுபடும் வேளையில், தன்னைப் போல விட முயலும் எவராவது ஒருவருடைய படலையிலே போய் நின்று கூப்பிட்டு, அரைமணி நேரம் கதைத்துவிட்டுப் போகின்றார். "நான் அவரைக் காப்பாத்தப் போறதில்லை. என்னைக் காப்பாத்தத்தான் போறன்" என்றார். பன்னிரண்டாம் சூத்திரத்துக்கு இதைவிட நல்ல உரையை நான் கேட்டதில்லை.

அவரைப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய சிலவற்றை ஆலய அடியார் முன் வைக்கின்றேன்.

முதலாவது, திருவிழா முடிந்த மறுநாளே ஒரு கூட்டம் வேண்டும். பத்து நாள் விட்டவருக்குப் பதினோராம் நாள் போக ஓர் இடம் வேண்டும். வெள்ளிதோறும் பொழுதுபடும் நேரத்திலே, புராணப் படிப்புக்கு முன், வசந்த மண்டபத்துப் பக்கத்தில் அவர்கள் கூடிப் பேசலாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். சந்திக் கடைக்கு வரக்கூடாது.

இரண்டாவது, அவர்களுக்குத் தொண்டு கொடுக்க வேண்டும். பூ எடுத்தல், மாலை கட்டுதல், விளக்குத் துடைத்தல், வீதி கூட்டுதல் என எத்தனையோ உண்டு. தொண்டு கிடைத்தவனுக்குக் காலையில் எழும்பக் காரணம் கிடைக்கின்றது. எந்தக் கையையும் பார்த்து இந்தக் கை படக்கூடாது என்று இனி எவரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் போத்தல் வைத்து உபசரிக்கும் வழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும். "இண்டைக்கு ஒருநாள்தானே, எடு மச்சான்" என்ற வார்த்தை எத்தனை பேருடைய பல மாதத் தவத்தைக் கெடுத்திருக்கின்றது! விட்டவரை வற்புறுத்துவது விருந்தோம்பல் அன்று, பாவம்.

நான்காவது, தவறி வீழ்ந்தவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை புளித்த முட்டியை யாரும் எறிவதில்லை. கழுவி, காயவைத்து, மறுபடி சுண்ணாம்பு தடவிக் கட்டுகின்றோம்.

ஐந்தாவது, மனைவி மக்களை மறக்கக் கூடாது. அவர்கள் பட்ட காயம் அவன் குடியை விட்ட அன்றே ஆறிவிடாது. அவர்களும் பேசவும் அழவும் ஓர் இடம் வேண்டும். கோயில் மாதர் சங்கத்தினர் இதனை மனங்கொள்வாராக.

மயிலான சூரன்

ஆண்டுதோறும் எமது வீதியிலே சூரன் போர் பார்க்கின்றோம். மாமரமாய் நின்ற சூரபன்மனை எம்பெருமானின் வேல் இரு கூறாக்கியது. அக்கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து வந்தன. பெருமான் அருட்கண்ணாற் பார்த்தார். மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று. எதிர்த்து வந்தவனே சுமப்பவன் ஆனான். கொடியேற்றத்தன்று கம்பத்தின் உச்சியிலே நாம் கைகூப்பி வணங்கும் சேவல் யார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மதுவை விட்டு நிற்கும் ஒருவரை இனி வீதியிற் காணும்போது பழைய சூரனை நினையாமல், பெருமானைச் சுமக்கப் போகும் மயிலை நினைப்போம். அடுத்த ஆண்டு நிவேதனப் பாத்திரத்தைத் தூக்க அப்படி ஒருவர் வந்தால், அவருக்குப் பக்கத்திலே இன்னொரு பிடியைப் பிடிக்க நான் நிற்பேன். என் தம்பிக்குச் செய்யாததை அவருக்காவது செய்ய முருகப் பெருமான் எனக்கு அருள வேண்டும்.

இன்று விட்டவர் இன்று நிற்கவும், நாளை நிற்க நாம் அவருக்குத் துணை நிற்கவும் எம்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

சுபம்